கடுக்கன் போட்ட ராஜா

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை, நன்றாகவே நினைவிருக்கிறது. ஆனால் ஒரு தடவை சர்க்கார் வாசலில் நின்றபோது அவர் என் பெயரைத் தம் பெயராகச் சொல்லிவிட்டார். அந்தக் கலவரத்தில் நான் அவர் பெயரை என் பெயராகச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த இருவருமே திரும்பிப் போகவில்லை. ஆகவே யார் பெயரை எழுதினாலும் எங்களில் ஒருவர் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். மாமா என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த நாளில் பம்பாய் மாட்டுங்காவில் நின்று மாமா என்று குரல் கொடுத்தால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒளிந்துகொள்ள அதைவிடச் சௌகரியமான பெயர் கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் ஓர் அறையில் நான் ஒண்டிக்கட்டை. எதிர் வாசல் மாமா வீடு. பாலக்காட்டுக்காரர். கோட்டைப் பகுதியில் ஒரு பஞ்சு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. குழந்தை குட்டி இல்லை. எனக்கு ராத்திரிச் சாப்பாடு அங்கேதான். நான் ரொம்பத் தைரியசாலி என்று அந்தக் கட்டடத்தில் ஒரு வதந்தி உலவிக்கொண்டிருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

மாமா இதற்கு நேர் எதிர். பயம் என்றால் அப்படி ஒரு பயம். பொத்தான் வைத்த சட்டையில் பொத்தான் கொஞ்சம் மின்னினால் போதும், அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். போலீஸ்காரன், ராணுவத்துக்காரன் என்றால் சரி. தபால்காரனுக்குக்கூட மாமிதான் கதவைத் திறக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் பாண்டு வாத்தியக்காரன் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்காராமலே பின்பக்கமாக வீட்டுக்கு வந்துவிட்டார். மாமி நாலு நாள் பேசவில்லை. அது பரவாயில்லை, மாமியிடம் பொத்தான் கிடையாது.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தால், சீசன் டிக்கெட் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும்போதே மாமாவுக்கு வேர்த்துக் கொட்டும். ஒரு நாள் பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்காமலேயே மாமா ஒரு பெயரையும் சொன்னார். எங்கள் கட்டட முதலாளியின் பெயர்.

"ஏன் மாமா, அவர்தான் பேரே கேக்கலையே?"

"கேட்டுட்டான்னா?"

"கேட்டா நம்ம பேரைச் சொல்றது."

"நம்ம பேரு அவாளுக்குத் தெரியாம இருக்கறதாக்கும் நமக்கு நல்லது. நீ சின்னவன், ஒனக்குத் தெரியாது."

இந்த மனுஷருக்குப் பயமே இல்லாத ஓர் இடம் இருந்தது. அது ஒரு பிஸ்கட் டின்.

அதில் காசு வைத்திருந்தார். பெரும்பாலும் செம்புக் காலணா, கொஞ்சம் ஓரம் வளைந்த ஓரணா, அபூர்வமாக ஒன்றிரண்டு வெள்ளி. செலவுக்கு அல்ல. பம்பாயில் அடித்த காசில் வருஷத்துக்குக் கீழே கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி நிற்கும். கல்கத்தாவில் அடித்ததில் புள்ளி இருக்காது. மாமாவுக்குப் புள்ளிக் காசு மட்டும்தான் வேண்டும். நான் கடைக்குப் போய்விட்டு மாடி ஏறினால் கதவைத் திறந்துகொண்டு நிற்பார்.

"கையை நீட்டு, பாக்கலாம்."

நீட்டுவேன். சில்லறையை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். புள்ளி இல்லாவிட்டால், "கல்கத்தாக்காரி. போகட்டும்" என்று என் விரல்களைத் தாமே மூடிவிடுவார். புள்ளி இருந்தால் தம் கையிலிருந்து சமமான காசை வைத்துவிட்டு, "இவ நம்மாத்துப் பொண்ணு" என்பார்.

"ராஜா தலை போட்டிருக்கு, பொண்ணுங்கறேளே?"

"தலை அவனோடது. ஒடம்பு லக்ஷ்மியோடது."

தெரிந்தவர்களிடம் மட்டும்தான் இப்படிக் கேட்பார். அறிமுகமில்லாதவர் கையில் என்ன இருந்தாலும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னுக்குள் பழைய வேஷ்டித் துணி விரித்து, காசுகளை வரிசையாக அடுக்கியிருப்பார். எல்லாம் குப்புற. தலை கீழே, பூவும் எழுத்தும் மேலே. ஏன் என்று கேட்டேன். "அவன் எதுக்கு நம்மளப் பாத்துண்டே இருக்கணும்?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. சொல்லும்போது ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மல்லாக்க வைத்திருந்தார். தாடி வைத்த ராஜாவின் காலணா. மாமா முதன்முதலாகப் பம்பாய்க்கு வந்து போரிபந்தர் ஸ்டேஷனில் இறங்கி, வெளியே ஒரு கடையில் டீ குடித்தபோது, பாக்கிச் சில்லறையாகக் கிடைத்த காசு அது. இந்த ஊர் தம் கையில் முதன்முதலில் வைத்தது என்று அதைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். ராஜாவின் காது மடலில் எதிலோ அடிபட்டு ஒரு சின்னப் பள்ளம். பாலக்காட்டு மாமாக்கள் போடுகிற கடுக்கன் மாதிரியே இருக்கும். அதனால் அந்த ராஜாவிடம் மட்டும் பயமில்லை. "காது குத்தியாச்சு, இனி நம்ம மனுஷனாக்கும்" என்பார்.

இந்தக் காசுகள் எல்லாம் பிறந்த இடம் அவர் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. டவுன்ஹாலை ஒட்டி, முன்னால் தூண்களும் பின்னால் புகைபோக்கியுமாக நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிற கட்டடம். ஊரில் மின்ட் என்பார்கள். மாமாவுக்கு அது கம்மட்டம். அவ்வளவு பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தத் தெருவில் காலெடுத்து வைத்ததில்லை. வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்பானாம்.

யுத்தத்தில் ஊரில் அரிசி குறைந்ததோடு சில்லறையும் குறைந்தது. எங்கே போயிற்று என்று தெரியவில்லை, கடைகளில் காலணா கண்ணில் படவில்லை. காப்பி கிளப்பில் பாக்கிக்குப் பதிலாக ரப்பர் ஸ்டாம்பு குத்திய அட்டைத் துண்டு கொடுத்தார்கள். டிராம் கண்டக்டர் தபால் தலை கொடுத்தான். அது என் சட்டைப் பையில் வியர்வைக்கு ஒட்டிக்கொண்டு, என் மார்பைத் தபாலில் சேர்க்கத் தயாராக இருந்தது.

பிறகு பேப்பரில் வந்தது. தேவைக்கு மேல் சில்லறை சேர்த்து வைப்பது குற்றம், ஜெயில். நான் சாப்பிட்டுக்கொண்டே இதை உரக்கப் படித்தேன். மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கை வாய்க்குப் போகவில்லை.

அந்த வாரத்திலேயே அடுத்த தெரு மளிகைக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாமா ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் நேருக்கு நேர் பார்த்துவிட்டார். கடைக்காரரின் இடுப்பில் கயிறு. பின்னால் ஒரு கான்ஸ்டபிள் தோளில் சாக்கு. அவன் நடக்க நடக்கச் சாக்குக்குள் காசு குலுங்கியது. கடைக்காரர் மனைவி செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினாளாம். மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது கடைக்காரரைப் பற்றியோ அந்த அம்மாளைப் பற்றியோ அதிகம் சொல்லவில்லை. "அந்த சத்தம், அந்த சத்தம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

அந்திக் கருக்கலில் ஒரு நாள், நாங்கள் ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தோம். விமானத் தாக்குதல் பயத்தால் ஊர் முழுக்க வெளிச்சத்துக்குத் தடை. கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள்.

"தர்வாஜா கோலோ!"

மாமா என்னைப் பார்த்தார். நான் தைரியசாலி அல்லவா? ஆகவே நான் மாமியைப் பார்த்தேன். மாமி திறக்கப் போனாள். அவள் தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் மாமா டின்னைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

வந்தவன் போலீஸ் இல்லை. விளக்கு வெளியே தெரிகிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற ஆள். பக்கத்து ஜன்னலில் காகிதம் கிழிந்திருக்கிறது என்று திட்டிவிட்டுப் போனான். நான் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். பாலக்காட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, கொட்டை எடுத்து உப்புப் போட்டு உருட்டின புளி வரும். அதை வைத்திருந்த பீங்கான் பரணிக்குள் மாமா முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நின்றார். டின் காலி.

"உள்ள தள்ளிட்டேன். இங்க எவனும் கை விடமாட்டான்."

அந்த ஆள் மறுபடி வருவான் என்று காசுகள் வாரக்கணக்கில் புளியிலேயே கிடந்தன. ரசம் வழக்கம்போல் மணத்தது. எனக்கும் அவருக்கும் வயிறுதான் சரியில்லை. உப்பும் புளியுமாகச் செம்பில் ஊறினால் என்ன ஆகும் என்று பூஜைப் பாத்திரம் தேய்க்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மாமிக்கும் தெரியும். பயத்தில் அவளுக்கும் தோன்றவில்லை. இன்றுகூட என் உடம்பில் கொஞ்சம் சர்க்கார் சொத்து இருக்கலாம்.

கடைசியில் ஒரு நாள் கரைத்த புளியைப் பிழியும்போது மாமியின் விரல்களுக்கு நடுவே ஒரு ராஜா வந்தார்.

"இதோ பாருங்கோ. இந்த ஆத்துல நான் இருக்கணும், இல்லே இவா இருக்கணும். சர்க்கார் கஜானாவுல கொண்டு குடுத்துட்டு நோட்டா வாங்கிண்டு வாங்கோ. இல்லேன்னா நான் பாலக்காட்டுக்கு ரயில் ஏறிடுவேன்."

"குடுத்தா உருக்கிடுவாளேடி."

"உங்களைப் பிடிச்சுண்டு போனா? அப்ப என்னை உருக்கித்தான் ஊத்தணும்."

மாமா ஒப்புக்கொண்டார். காசுகளைப் புளியிலிருந்து எடுத்துக் கழுவினார். கழுவக் கழுவ அவர் முகம் மாறியது. நானும் எட்டிப் பார்த்தேன். தவிட்டு நிறத்தில் கிடந்த காலணாக்கள் எல்லாம் குங்குமப்பூப் போட்ட மாதிரிச் செக்கச்சிவந்து பளபளத்தன. அப்போதுதான் அச்சிலிருந்து விழுந்தவைபோல.

"பாத்தியாடா? பொறந்த அன்னிக்கு இப்படித்தான் இருந்திருப்பா." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பொறந்தாத்தக் காட்டிட்டுக் குடுத்துடறேன். நீ கூட வா. நீ தைரியசாலி."

வதந்தி கிளப்புகிறவர்களுக்கு இதுதான் தண்டனை.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியான வெயிலில் இருவரும் நடந்தோம். மாமியின் வெற்றிலைச் சுருக்குப்பையில் காசு. அதை மாமா கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் அது குலுங்கியது. அந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று காலைத் தேய்த்துத் தேய்த்து, பனிக்கட்டிமேல் நடப்பவர்போல் நடந்தார். அதனாலேயே எதிரில் வந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு முதுகு கூசியது. ஒரு டிராம் மணி அடித்தால் இருவரும் சேர்ந்து நின்றோம்.

கம்மட்டம் வந்தது. வரிசையாகத் தூண்கள். வாசலில் மணல் மூட்டை. அதன் பக்கத்தில், பயந்தபடியே, ஒரு ஹவில்தார். நரைத்த மீசை, துப்பாக்கி, முனையில் கத்தி. கதவுக்கு அருகே ஒரு கிழவன் கூடையில் கடலை விற்றுக்கொண்டிருந்தான். நாங்கள் எதிர்ச் சாரியில் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றோம். கம்பம் எங்களில் ஒருவருக்குக்கூடப் போதாது.

"பாத்தாச்சு மாமா. போலாம்."

"நான் பாத்தாச்சு. இவா பாக்கல்லையே."

சுருக்குப்பையை வெளியே எடுத்தார். வாயை அவிழ்த்தார். இரண்டு கைகளிலும் ஏந்தி, கைக்குழந்தையைச் சுவாமிக்குக் காட்டுகிற மாதிரி அந்தக் கட்டடத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார்.

"இதாக்கும் உங்க பொறந்தாம். நன்னாப் பாத்துக்கோங்கோ."

அந்தக் கணத்தில் உள்ளே சங்கு ஊதியது. வேலை முடிந்ததற்கான சங்குதான். ஆனால் யுத்த காலத்தில் சங்கு என்றால் வேறு அர்த்தம். மாமா துள்ளிய துள்ளலில் பை கை நழுவியது. கல் தரையில் காசுகள் கொட்டின, உருண்டன, சுழன்றன. மாமா எந்தச் சத்தத்துக்குப் பயந்து வாரக்கணக்கில் தூங்காமல் இருந்தாரோ அதே சத்தம், பட்டப்பகலில், நடுத்தெருவில். ஒரு காசு மட்டும் தனியாகக் கிளம்பி, சக்கரம் மாதிரி நிமிர்ந்து ஓடி, தெருவைக் கடந்து ஹவில்தாரின் பூட்ஸில் போய் முட்டிப் படுத்தது.

அவன் குனிந்து எடுத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். புத்தம் புதுக் காசு. அவன் பின்னால் அந்தக் காசுகளை அடிக்கிற ஆலை. உள்ளேயிருந்து தொழிலாளிகள் வெளியே வருகிற நேரம். ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்புகிற இடம். எதிரே இரண்டு பேர் தரையில் தவழ்ந்து புதுக் காசு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவன் என்ன நினைப்பான்?

"ஏய்! இதர் ஆவ். தோனோ!"

இருவரையும் கூப்பிடுகிறான். போனோம். என் கால் போயிற்று என்பதற்கு நான் பொறுப்பில்லை. வாசலைத் தாண்டி மணல் மூட்டைக்கு உள்பக்கம் நிறுத்தினான்.

"நாம் க்யா?"

பெயர் என்ன என்கிறான். மாமா என் பெயரைச் சொன்னார். தெளிவாக, இனிஷியலோடு சொன்னார். அவன் என் பக்கம் திரும்பினான். என் பெயர்தான் ஏற்கெனவே போய்விட்டதே? மிச்சம் இருந்தது அவர் பெயர் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டேன்.

"அந்தர் ஸே லாயா?" உள்ளேயிருந்து கொண்டுவந்ததா என்று கேட்டான்.

மாமாவிடமிருந்து பதில் வரவில்லை. பயத்தில் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் ஹவில்தாரைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கட்டடத்தின் பக்கம் காதைக் கொடுத்திருந்தார். எங்கேயோ உள்ளே ஒரு யந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தட்... தட்... தட்...

"கேட்டையாடா?" என்றார் மெல்ல. "பொறந்துண்டிருக்கு."

அவர் கை நடுங்காமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவருக்குப் பதிலாக என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹவில்தார் காசைப் புரட்டி வருஷத்தைப் படித்தான். பழைய வருஷம். புருவத்தைச் சுளித்தான். இவ்வளவு பழைய காசு இவ்வளவு புதிதாக இருக்குமா? நான் முந்திக்கொண்டு, "இம்லி சாப், இம்லி! புளியில போட்டது" என்று தமிழும் ஹிந்தியுமாக உளறினேன். அவன் காசை மூக்கருகே கொண்டுபோனான். முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். மீசை மெதுவாக அகன்றது.

"சிஞ்ச்!" புளிக்கு மராத்தியில் அதுதான். அவன் வீட்டிலும் லோட்டாவைப் புளி போட்டுத்தான் தேய்ப்பார்களாம்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு வெளியே போய்ச் சேர்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"கித்னே தின் ஸே ரக்கா?" எத்தனை நாளாக வைத்திருக்கிறாய்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுசு என்றால் திருட்டு. பழசு என்றால் பதுக்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் நிற்க இடமே இல்லை. மாமாவின் கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது. தெருவில் மளிகைக்கடைக்காரரின் இடுப்புக் கயிறு என் கண்ணுக்கே தெரிந்தது. ஹவில்தார் சுருக்குப்பையைக் கையில் வாங்கி எடை பார்த்தான். எங்கள் முகத்தைப் பார்த்தான். பதுக்கல்காரன் முகத்தில் இவ்வளவு வேர்வை இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"பைஸா பாஜார் மே சல்னா மாங்தா," என்று பையைத் திருப்பி மாமாவின் கையில் வைத்தான். "டப்பே மே நை. கர்ச் கரோ, ஜாவ்." காசு கடைத்தெருவில் ஓட வேண்டியது, டப்பாவில் தூங்க வேண்டியதில்லை, போய்ச் செலவழி என்கிறான். முதல் செலவை அவனே ஆரம்பித்து வைத்தான். பூட்ஸில் முட்டிய காசு அவன் விரலிடுக்கில்தான் இருந்தது. அதைக் கடலைக்காரன் பக்கம் நீட்டி, சாபுக்குக் கடலை கொடு என்றான்.

நான் அந்தக் காசைப் பார்த்தேன். ராஜாவின் காதில் ஒரு பள்ளம்.

மாமாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். பை நிறையக் காசு கையில் இருக்கிறது. அதை வேண்டாம், வேறொன்று தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

கடலைக்காரன் காசைப் பல்லில் கடித்தான். கல்லில் தட்டினான். தலையை ஆட்டினான்.

"கோட்டா ஹை, ஹவில்தார் சாப். நக்லி."

போலிக் காசாம். ஒரு பரணிப் புளியிலிருந்து மூன்றாவது குற்றம். கள்ளக் காசு அடிக்கிறவர்களுக்கு எத்தனை வருஷம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆனால் ஒரு க்ஷணம் மாமாவின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. காசு திரும்பி வந்துவிடும்! கள்ளக் காசு அடித்தவன் என்று பிடித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை, கடுக்கன் கைக்கு வந்துவிடும்.

ஹவில்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. மின்ட் வாசலில் நின்றுகொண்டு, அவன் கையால் கொடுத்த காசைப் போலி என்பதா?

"ஸூங்க்கே தேக்!"

கிழவன் முகர்ந்து பார்த்தான். சிரித்தான். இடுப்பு வேஷ்டி முடிச்சுக்குள் கடுக்கன் ராஜாவை வைத்து இறுக்கினான். ஒரு காகிதப் பொட்டலம் கடலை மாமாவின் கைக்கு வந்தது.

போரிபந்தருக்கு நடந்தோம். கஜானாவையும் சனிக்கிழமைக்கு மூடிவிட்டார்கள். ரயிலில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தாதர் வரும்போது நான்தான் எடுத்துச் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. வேற காசு தரேன்னு."

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது வேணும்னு சொன்னா, வேணும்னு வச்சுண்டிருந்தேன்னு ஆயிடுமேடா. அந்தக் குத்தத்துக்குத்தானே பிடிக்கறா."

வீட்டில் மாமி எல்லாவற்றையும் கேட்டாள். திருட்டு, பதுக்கல், கள்ளக் காசு. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுருக்குப்பையை வாங்கி, பரணிக்குள் ஆழமாக அவளே தள்ளி, மேலே புளியை அழுத்தி மூடினாள். "வெளியில கொண்டு போனாத்தான் ஆபத்துன்னு தெரிஞ்சு போச்சு. இங்கயே கெடக்கட்டும்." அதன்பிறகு யுத்தம் முடிகிறவரை நான் அந்த வீட்டில் மோர்ச் சாதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மாமா மட்டும் திங்கட்கிழமையே அந்தத் தெருவுக்குப் போனார். தனியாக. கடலைக்காரனிடம் கடலை வாங்கினார். காசு அன்றைக்கே கைமாறிவிட்டதாம், யாரிடம் என்று அவனுக்கு நினைவில்லை. அதிலிருந்து ஆரம்பித்தது. தெரிந்தவர் தெரியாதவர் பேதம் போய்விட்டது. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவர், மீன்கூடைக்காரி, கண்டக்டர், பூட்ஸ் போட்ட சிப்பாய், யார் கையில் சில்லறை தெரிந்தாலும், "ஜரா ஹாத் திகாவ்" என்று போய் நிற்பார். கையைக் காட்டச் சொல்வார். பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கேட்கும்போது அவருக்குப் பல் கிட்டித்துக்கொள்ளும். முழங்கால் ஆடுவது வேஷ்டியில் தெரியும். ஆடிக்கொண்டே கேட்பார்.

சுதந்திரம் வந்த அன்று ஜனங்கள் டிராம் கூரைமேல் ஏறி ஆடினார்கள். மாமாவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டார்.

"இனிமே அந்த ஹவில்தார் யாரோட ஆளு?"

"நம்ம ஆளு, மாமா."

"அப்போ இன்னும் ஜாக்ரதையா இருக்கணும்."

அவரைக் கடைசியாகப் பார்த்தது போரிபந்தர் ஸ்டேஷனில். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் செம்பூருக்குக் குடிபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலக் கூட்டம். ஆறடி உயரத்தில் ஒரு போலீஸ் சார்ஜெண்ட், பெல்ட்டும் பித்தளைப் பொத்தானும் விளக்கில் பளபளக்க, சிகரெட் வாங்கிக்கொண்டு பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் முழங்கை உயரத்தில் ஒரு வழுக்கைத் தலை. மாமாதான். இரண்டு கைகளாலும் சார்ஜெண்டின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வொரு காசாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் உடம்பு நடுங்கியதில் அந்தப் பெரிய கையும் சேர்ந்து நடுங்கியது. சார்ஜெண்டின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

ஓடிப்போய் விலக்கிவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். சார்ஜெண்டின் குரல் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

"நாம் க்யா?"

மாமா நிமிரவில்லை. காசிலிருந்து கண்ணை எடுக்காமலே, தெளிவாக, இனிஷியலோடு பதில் சொன்னார்.

என் பெயர்.

நான் வந்த வழியே திரும்பிக் கூட்டத்தோடு கலந்துகொண்டேன். அந்தப் பெயரில் நடுங்க ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு?